ஐந்து சுரம் போதும்

நண்பன் மணிவண்ணனிடம் ராஜவேலு கடைசியாகப் பேசியபோது, அவன் ராஜவேலுவின் கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் மாடியில் ராஜவேலுவின் ஒலிப்பதிவு அறை. டீ குடித்துவிட்டு வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"இன்னாடா பண்ணிக்கினு இருக்கற?"

"தூசி தட்டறேம்பா. ஒரு மூட்டை இருக்குது உள்ள."

"தூசி தட்ட பென் டிரைவ் எதுக்குடா?"

பென் டிரைவ் எப்போதும் மணிவண்ணன் கழுத்தில் தொங்குவதுதான். அரக்கு நிறப் பட்டு நூலில் கோத்தது. கீழே பட்டுக் கடையில்தான் அவனுக்கு வேலை; மற்ற நேரத்தில் அவனும் பாட்டு பண்ணுவான். ஹெட்போன், மைக், ஒயர் என்று தன் சாமான் எல்லாவற்றிலும் ஒரு துண்டு அரக்கு நூலை முடிந்து வைப்பான். கச்சேரிக் கூட்டத்தில் மாறிப் போகாதாம்.

அன்றைக்கு அது ராஜவேலுவுக்கு வேறு மாதிரி பட்டது. ஊர் ஊராக அலைந்து அவன் பதிவு செய்த பம்பை, உடுக்கை எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன.

"என் சவுண்டைத் திருட வந்தியா? அதுக்கு ஒரு ஸ்குரூ டிரைவரு வேற!"

மணிவண்ணன் கழற்றிய நாலு திருகாணியையும் ஒவ்வொன்றாக முடுக்கிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அது ஆடி மாதம். அம்மன் பாட்டு வேலை தலைக்கு மேல் இருந்தது. அதுவரை பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் 'மெமரி போதவில்லை' என்று நின்ற கம்ப்யூட்டர், அன்று மாலையிலிருந்து நாற்பது ட்ராக்கையும் முனகாமல் ஓட்டியது. தான் செட்டிங் மாற்றியதில் சரியாகிவிட்டது என்று ராஜவேலு எல்லோரிடமும் சொன்னான். மணிவண்ணன் திருடன் என்றும் சொன்னான்.

தை மாதம் மணிவண்ணன் மாரடைப்பில் போய்விட்டான். ராஜவேலு தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பிவிட்டான்.

காரியம் முடிந்து, மணிவண்ணன் மகள் பிரவீனா வந்தாள்.

"அங்கிள், அப்பா ஒரு பாட்டு பண்ணிக்கினு இருந்தாரு. மிக்ஸிங்தான் பாக்கி. நீங்கதான் முடிச்சுக் குடுக்கணும்னு அம்மா சொல்றாங்க."

ராஜவேலு உடனே கிளம்பினான். திருடிய பம்பை அந்தப் பாட்டுக்குள்தானே இருக்கும்? கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

மணிவண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டான். திரை வெறும் கறுப்பு. ஒரு படம்கூட இல்லை.

"படமும் மெமரி தின்னும்னு எடுத்துட்டாரு" என்றாள் பிரவீனா.

பாட்டைத் திறந்தான். அறுபத்து மூன்று ட்ராக். ஆனால் மெமரி, நாலே ஜிபி.

"உங்கப்பன் எட்டு இல்ல வச்சிருந்தான்?"

"ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு கழட்டிட்டாரு அங்கிள்."

இருவரும் ஒரே நாளில் வாங்கிய நாலு ஜிபி கம்ப்யூட்டர்கள் அவை. மணிவண்ணன் மட்டும் பிறகு இன்னொரு நாலு ஜிபி ரேம் அட்டை வாங்கி மாட்டினான்; மெமரி எட்டானது. "நீயும் ஒண்ணு போடுப்பா" என்றபோது, "வேலை தெரிஞ்சவனுக்கு நாலே போதும்டா" என்று அவன் வாயை அடைத்தவன் ராஜவேலு.

"நாலுல அறுபத்து மூணா? நடக்காதும்மா."

"கம்ப்யூட்டர்ல ஒரு வாத்தியம் வாசிச்சு முடிஞ்சதும் அதை ஆடியோவா மாத்திட்டு, வாத்தியத்தை மெமரியிலருந்து எறக்கிடுவாரு. அப்பறம்தான் அடுத்தது."

"அதை எல்லாரும்தான் பண்றோம். இந்த இருபது வயலின் இன்னும் ஆடியோ ஆகலையே. இது எப்படி ஓடுது?"

"வேணாத சுரத்தை எல்லாம் எடுத்துட்டாரு."

ராஜவேலு குனிந்து பார்த்தான். திரையில் இருந்த கீபோர்டில், பன்னிரண்டு கட்டைக்கு ஐந்துதான் ஒளிர்ந்தன. ச, ரி, க, ப, த. மோகனம். ராகத்தில் வராத ஏழு கட்டையின் ஒலியும் மெமரியில் ஏறவே இல்லை. ஒவ்வொரு வயலினும் பாதிக்கும் குறைவான பாரம்.

"ஆறாவதைத் தொட்டா மெஷின் படுத்துரும், எனக்கு அஞ்சு போதும்னு சிரிப்பாரு."

பாட்டை ஓடவிட்டான். முதலில் ஒரு வயலின். பிறகு இருபதும். அதன் மேல் பம்பை வந்து விழுந்தது. அறைச் சுவர் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ராஜவேலுவுக்குக் கை மயிர் சிலிர்த்து நின்றது. எதைத் தேடி வந்தோம் என்பது இரண்டாம் முறை கேட்டபோதுதான் நினைவு வந்தது. பம்பை ட்ராக்கை மட்டும் தனியாக வைத்துக் கேட்டான். தொடக்கத்தில், வெட்டாமல் விட்ட மணிவண்ணனின் இருமல். திருடியதல்ல; அவனே பதிவு செய்தது.

"எப்படிம்மா பண்ணான் இதை?" என்றான்.

மிக்ஸிங்குக்காகப் பாட்டைத் தன் அறைக்கு எடுத்துவந்து ஏற்றினான். நாலு ஜிபியில் தன்னிடமும் ஓடுமா என்று பார்க்க, முதல் தடவையாகத் தன் கம்ப்யூட்டரின் மெமரி அளவு காட்டும் பக்கத்தைத் திறந்தான்.

எட்டு என்று காட்டியது.

நாலு திருகாணியையும் கழற்றினான். உள்ளே தூசி அப்படியே இருந்தது.

வரிசையாக இரண்டு ரேம். இரண்டாவதின் ஓரத்தில் ஒரு துண்டு அரக்கு நூல் முடிந்திருந்தது.