அலாய் வீல்

"பழைய வீல் நாலையும் எங்க வச்சிருக்க?"

புத்தூர் ஒர்க்‌ஷாப்பில் நின்றபடி கோவர்த்தனன் மனைவியிடம் போனில் கேட்டான். முன்பக்கம் நசுங்கிப்போன கார் எதிரே நின்றது.

தேவயானி அதே ஊரில், எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியர் வீட்டில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் திருப்பதியிலிருந்து நகரிக்குத் திரும்பும்போது ஓர் எருமை குறுக்கே வந்துவிட்டது. அவன் வண்டியை ஒடித்ததில் கார் சிறுபாலத்துச் சுவரில் மோதியது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு மணிக்கட்டு விலகிவிட்டது.

"இப்ப எதுக்கு அது?"

"எங்கன்னு சொல்லு மொதல்ல."

"அத அப்பவே வித்துட்டேன். இன்னாத்துக்குன்னா..."

அவன் மேலே கேட்கவில்லை. போனை வைத்துவிட்டான்.

"வித்துட்டாளாம்" என்றான் மெக்கானிக் முனியப்பனிடம். "நான் ஆசைப்பட்டு வாங்கின வீலு. மாட்டிக்கினு போய் நின்னப்ப, நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லல. இப்ப பழசையும் காலி பண்ணிட்டு உக்காந்துக்கினு இருக்கா."

காலையில் வண்டியைப் பார்த்ததுமே முனியப்பன்தான் இந்த வீல் பேச்சை எடுத்திருந்தான். கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு, வெளியே வாங்கின பெரிய அலாய் வீலும் அகல டயரும் போட்டிருக்கிறாய். இன்சூரன்ஸில் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் கிளெய்ம் வருவது கஷ்டம். பழைய வீலையே திரும்ப மாட்டி நிறுத்து.

கோவர்த்தனன் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியாது. ரிப்பேர் செலவைப் பார்த்தால், இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்க முடியாது. கார் லோன் வேறு தேவயானியின் சம்பளத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அவள் கையிலோ கட்டு.

போன் அடித்தது. தேவயானி. அவன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. சைலன்ட்டில் போட்டான்.

முனியப்பன் மூலையில் நின்ற வெள்ளைக் காரைக் காட்டினான்.

"அதுவும் இதே மாடலுதான். சர்வீசுக்கு வந்திருக்கு. ஓனர் சாயந்திரம்தான் வருவாரு. அதுல இருக்கற கம்பெனி வீல கழட்டி இதுல மாட்டுவோம். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து போட்டோ எடுத்துக்கினு போனதும் திருப்பி மாட்டிட்டா முடிஞ்சிது."

"தப்பாச்சே, முனியப்பா."

"தப்புதான். வேற வழி இருந்தா நீயே சொல்லு."

கோவர்த்தனனுக்கு வேறு வழி தெரியவில்லை. ஜாக்கியை எடுத்து வந்தான்.

முதல் வீலைக் கழற்றித் தரையில் சாய்த்தபோது வாசலில் பைக் வந்து நின்றது. மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்த சர்வேயர் சுரேஷ்பாபு, காலையிலேயே திருப்பதியிலிருந்து வந்துவிட்டார்.

அவர் தரையில் கிடந்த அலாய் வீலைப் பார்த்தார். வெள்ளைக் காரையும் பார்த்தார்.

"ஏன் கழட்டறீங்க?"

"பிரேக் பாக்க சார்" என்றான் முனியப்பன்.

கோவர்த்தனன் ஆமாம் என்று தலையாட்டினான். ஆட்டின பிறகு அவனுக்கே அது பிடிக்கவில்லை.

"இல்ல சார். வெளி வீல் போட்டிருக்கேன். இன்சூரன்ஸ்ல சொல்லல. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் கழட்டறோம்."

முனியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

சுரேஷ்பாபு குனிந்து டயரில் இருந்த எண்ணைப் படித்தார். போனில் எதையோ சரிபார்த்தார்.

"வண்டி மேடம் பேர்லதானே இருக்கு?"

"ஆமா சார். தேவயானி. என் சம்சாரம்."

"அவங்க எப்பவோ சொல்லிட்டாங்க. வீல் மாத்தின அந்த வாரமே எக்ஸ்ட்ரா பிரீமியம் கட்டி, பாலிசியில சேத்துட்டாங்க. சைஸும் இதே வண்டியோட டாப் மாடலுக்குக் கம்பெனியே குடுக்கறதுதான்."

கோவர்த்தனன் தரையில் கிடந்த அலாய் வீலை நிமிர்த்திப் பிடித்தான்.

"நீங்க வேற வீல மாட்டி நிறுத்தியிருந்தா, பாலிசியில ஒண்ணு, வண்டியில ஒண்ணு. நல்லா இருக்கற கிளெய்ம நீங்களே கெடுத்திருப்பீங்க. பர்வாலேது, பரவால்ல, அத எடுத்து மாட்டுங்க. போட்டோ எடுக்கணும்."

"அப்ப கிளெய்ம் வருமா சார்?"

"எருமை குறுக்க வந்ததுக்கு வீல் என்ன பண்ணும்? வரும்."

கோவர்த்தனன் அங்கிருந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சுரேஷ்பாபு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. மூங்கில் பட்டை வைத்துக் கட்டின கையை மாரோடு அணைத்தபடி தேவயானி இறங்கினாள்.

"போன எடுத்தா இன்னா? எதுக்கு கேக்கறீங்கன்னு அப்புறமாத்தான் உறைச்சிது. வீலு எதையும் கழட்டலயே?"

"கழட்டினேன். மாட்டிட்டேன்." அவளைப் பிடித்து நிழலில் உட்கார வைத்தான். "பழைய வீல வித்துத்தான் பிரீமியம் கட்டினியா?"

"பின்ன? வூட்ல துரு புடிச்சிக்கினு கெடக்கறத வேற இன்னா பண்றது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா, இதுக்கு வேற தண்டம் கட்டணுமான்னு மறுநாளே கழட்டிப் போட்டிருப்பீங்க."

கோவர்த்தனன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் சொன்னது உண்மைதான்.

"கழட்டினா கழட்டிட்டுப் போறேன். உனுக்கு இன்னா நஷ்டம்?"

தேவயானி கட்டுப் போட்ட கையை மெல்ல மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"உங்க நைனா தவறிப் போனதுலேர்ந்து உங்க மூஞ்சில சிரிப்பே இல்ல. அந்த வீல மாட்டிக்கினு வாசல்ல வந்து நின்னீங்க பாருங்க, அன்னிக்குத்தான் சிரிச்சீங்க."