பட்டியலில் இரண்டு பெயர்கள்

வேலப்பன்சாவடி கல்லூரி லேபில் ஏசி ஓடியும் ஜாபஸுக்கு வியர்த்துக் கொட்டியது.

"இன்னா மாமே, மூஞ்சி இப்டி கீது?" என்றான், அடுத்த வைவா தேர்வுக்குக் காத்திருந்த டேனி.

"புராஜெக்ட் கோட்ல எவாஞ்சலின் பேர்ல ஒரு டேட்டா டைப்ப உருவாக்கி வெச்சேன்டா. அழிக்க மறந்துட்டேன்."

"நேர்ல சொல்ல வேண்டியத கோட்ல சொல்லிக்கினு கீறியா? வெளங்கிடும்."

ஜாபஸும் எவாஞ்சலினும் சேர்ந்து செய்த புராஜெக்ட் அது. நேற்று மாலை எல்லாவற்றையும் சரிபார்த்து ஒப்படைத்தவள் அவள்தான். நல்லவேளை, எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் இருவரின் முறை வந்ததும், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினார். "திருமழிசை கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கிற ஆப்தானே? புதுசா ஒரு எம்ப்ளாயி சேரும்மா."

அவள் முதல் எழுத்தைத் தட்டினாள். அந்த எழுத்தில் தொடங்கும் டேட்டா டைப்புகளை மட்டும் திரையில் கோட் எடிட்டர் பொறுக்கி நீட்டியது: எம்ப்ளாயி, எவாஞ்சலின்.

ஜாபஸ் கர்த்தரை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது, அவள் முகம் மாறாமல் எம்ப்ளாயியைத் தேர்ந்தெடுத்திருந்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

"சரி, அந்த ஆளுக்கு ஒரு ஜாப் குடு."

மறுபடியும் முதல் எழுத்து, மறுபடியும் பட்டியல். அதில் ஜாப்புக்கு மேலே, அவன் செய்தே வைக்காத ஒரு டேட்டா டைப் உட்கார்ந்திருந்தது: ஜாபஸ்.

தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இது எதுக்கும்மா?"

"நேத்து சாயந்தரம் சேர்த்தேன் சார்," என்றாள் எவாஞ்சலின். "இவனுக்கு இன்னும் தெரியாது."