பொய்யாக எழுதிய வரி

கடைசி மணி அடித்ததும் ரெஜினா டீச்சர் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டைரி எழுதுவாள். அன்று எந்தப் பாடம் பிள்ளைகளுக்கு ஏறவில்லை, தான் எந்த இடத்தில் பொறுமை இழந்தாள் என்று ஒளிக்காமல் எழுதுவாள். அப்படி எழுதி எழுதித்தான் தனக்குப் பாடம் நடத்தவே வந்தது என்று நம்பினாள்.

ஒரு கூட்டத்தில் ஹெச்.எம். சிரித்துக்கொண்டே, "சில பேருக்குப் பின்னக் கணக்கு நடத்தவே பயமா இருக்காம்" என்றார். அதை அவள் டைரியில் மட்டும்தான் எழுதியிருந்தாள். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் சந்தேகம். டைரி வைக்கும் மேசையின் பூட்டை மாற்றினாள். பக்கத்து மேசை சுகந்தி நீட்டிய டீயைக்கூட வாங்கவில்லை.

டைரியைத் திருட்டுத்தனமாகப் படிக்கும் ஆளைப் பிடிக்க அதில் ஒரு பொய்யை எழுதி வைத்தாள்: 'இன்று கோபத்தில் ஆறாம் வகுப்பு பிரிஸ்கில்லாவைக் கன்னத்தில் அறைந்துவிட்டேன்.' பிள்ளைகள் மேல் அவள் ஒருநாளும் கைவைத்ததில்லை.

மறுநாள் ஒவ்வொருவர் முகத்தையும் துருவிப் பார்த்தாள். ஹெச்.எம். வழக்கம்போல வணக்கம் சொன்னார். சுகந்தி தன் மகளின் காய்ச்சலைப் பற்றிப் பேசினாள். யாரும் பிடிபடவில்லை. எரிச்சலோடு ஆறாம் வகுப்புக்குள் போய், கணக்கு நோட்டை வாங்கக் கையை நீட்டினாள். பிரிஸ்கில்லா சட்டென்று கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன்டி, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல டீச்சர்." அந்தப் பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டது. "நேத்து நடந்தத நான் வீட்டுல சொல்லல டீச்சர்."

நீட்டிய கையை மடக்கவும் தோன்றாமல், ரெஜினா நேற்றைய வகுப்பை முதலிலிருந்து நினைத்துப் பார்க்கத் தொடங்கினாள்.