ஏழாம் வரிசை முழுக்கச் சிவப்பு

பனியன் கம்பெனி கட்டிவிட்ட மனநலப் பட்டை யாழினியின் மணிக்கட்டில் சிவப்பாக எரிந்தது. மகிழ்ச்சி மேலாளர் சுகவனம் உடனே ஒரு ரோஜாப்பூவோடு ஏழாம் தையல் வரிசைக்கு வந்துவிட்டார். மனசு சரியில்லாதவருக்குப் பூவும் கட்டாய ஓய்வும் தருவது விதி. ஓய்வு என்றால், பட்டை பச்சையாகும்வரை வீட்டில் தனியாகக் கிடப்பது.

"வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்க சார். தனியா இருந்தா செத்துப்போயிரலாம்னு தோணுது. இங்க அக்காங்ககூட இருந்தாத்தான் மூச்சே வருது."

"பட்டை துணைக்கு இருக்கும்மா. மணிக்கு ஒருதரம் 'நீங்கள் தனியாக இல்லை'ன்னு அதுவே சொல்லும்."

அடுத்த மெஷினில் இருந்த தெய்வானை தையலை நிறுத்தினாள். பழைய சோற்றுக்குக் கொண்டுவந்திருந்த பச்சை மிளகாயைத் தூக்குவாளியிலிருந்து எடுத்து, ஒடித்து ஒடித்து வரிசை முழுக்கக் கொடுத்தாள். எல்லாரும் மென்றார்கள். கண்ணில் நீர் கொட்டியது, நெஞ்சு படபடத்தது. நாடித்துடிப்பை அளக்கும் பட்டைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

"என்னம்மா இதெல்லாம்?"

"எங்களுக்கும் மனசு சரியில்லீங்க சார். வீட்டுக்கு அனுப்புங்க. யாரு வீட்டுக்குன்னு விதியில இல்லீங்களே?"

சுகவனம் கையிலிருந்த ஒற்றை ரோஜாவைப் பார்த்தார். "இத்தனை பேருக்குப் பூ ஸ்டாக் இல்லையேம்மா!"

"அதை நீங்களே வெச்சுக்குங்க" என்ற தெய்வானை, யாழினியின் கையைப் பிடித்து எழுப்பினாள். "நட கண்ணு. மொதல்ல டாக்டரு, அப்பறம் உங்க வூடு. ராத்திரிக்கு உங்கூட யாரு படுக்கறதுன்னு பஸ்ல சண்டை போட்டுக்கறோம்."