பூட்டுக்காரி ஏழாம் பாகம்

"எத்தனை நாளா நடக்குது இது?" என்றாள் அவள், வாசல் கதவைக்கூடச் சாத்தாமல்.

அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அன்று அரைநாள்தான் வேலை. அது தெரியாத கணவன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். அவன் மடியில் 'பூட்டுக்காரி' ஏழாம் பாகம், கடைசிப் பக்கம் வரை போயிருந்தது.

"மூணு நாளா," என்றான்.

அந்த வீட்டில் இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. பூட்டுக்காரி கதையை ஆளுக்கு ஒரு அத்தியாயமாக, மாற்றி மாற்றி வாய்விட்டுப் படிக்க வேண்டும். யாரும் தனியாக முந்தக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் சட்டம். பகலில் சாவி வெட்டும் கடை, பொழுது சாய்ந்தால் சுரங்கப்பாதைகளில் திரியும் பேய்களைப் பிடித்துப் பூட்டுவது என்று ஆறு பாகங்களாக எவனுக்கும் அஞ்சாதவள் அந்தக் கதாநாயகி. லிஃப்ட் மெக்கானிக்கான அவன், தன் லிஃப்ட்டுகளில் பேய் புகுந்தால் பூட்டுக்காரியைத்தான் கூப்பிட வேண்டும் என்பான். பேய் புகுந்தாலாவது ஒழுங்காக ஓடும் என்பாள் அவள்.

நான்கு மாதமாக அந்தச் சிரிப்பு இல்லை. ஆறு மாதம் வயிற்றில் இருந்த பிள்ளை போனபின் இருவரும் அளந்துதான் பேசினார்கள். போன வாரம் அவளே ஏழாம் பாகத்தை வாங்கி வந்தபோது அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் இரண்டாம் அத்தியாயத்திலேயே பூட்டுக்காரி முழுகாமல் இருந்தாள்.

"அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துதான் முன்னாடியே படிச்சுப் பார்த்தேன். உன்னால தாங்க முடியாதுல்ல."

"என்ன ஆகுது?"

"ஒண்ணும் ஆகலை. நல்லாப் பொறக்குது. பொண்ணு."

சொல்லிக்கொண்டே, புத்தகத்திலிருந்து நழுவிய தாள்களைக் காலால் மறைக்கப் பார்த்தான். அவள் குனிந்து எடுத்துவிட்டாள். லிஃப்ட் பழுது எழுதும் தாள்களின் பின்பக்கம், அவனுடைய கோழிக் கிறுக்கலில் பதினான்காம் அத்தியாயம் புதிதாக எழுதப்பட்டிருந்தது. அதில் பூட்டுக்காரியின் மகள் பிறந்து, தெருவே விழித்துக்கொள்ளும்படி அழுதாள். அந்த அத்தியாயம் வரும்போது இந்தத் தாள்களைப் புத்தகத்துக்குள் வைத்து வாசித்துவிடுவதாக இருந்தானாம்.

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் குழந்தை பொழைக்காதுன்னு எனக்குத் தெரியும். நாலு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்துல புத்தகக் கடையில நின்னு முழுசாப் படிச்சிட்டுத்தான் வாங்கினேன்."

"தெரிஞ்சேவா வாங்கினே?"

"நம்ம பிள்ளைக்காக நீங்க இன்னும் ஒரு சொட்டு அழலைங்க. பதினாலாவது அத்தியாயம் உங்க முறைல வரணும்னுதான் முதல் அத்தியாயத்தை நான் படிச்சேன். என் பக்கத்துல உட்கார்ந்து அதைப் படிக்கறப்பவாவது அழுதுடுவீங்கன்னு."