கொடிநாள் உண்டியல்

கொடிநாள் உண்டியலைத் தூக்கிக்கொண்டு அலைந்த கேத்தரின், அலுவலகத்தின் கடைசி மேசைக்கு வந்து நிற்கிறாள். வேர்த்த உள்ளங்கையில் காகிதக் கொடிகள் ஒட்டிக்கிடக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே, துறைமுக ஜெட்டியில் ஒரு கப்பல் அலுப்போடு ஊதுகிறது.

"அரே, நமக்கு ஹோ கயா மேடம்! காலைலயே காசு போட்டுக் குத்தியாச்சு" என்று ஹெட்கிளார்க் பழனிசாமி நெஞ்சை நிமிர்த்திக் காட்டுகிறார். கொடியின் சிவப்பு வெளுத்திருக்கிறது. உப்புக்காற்று தின்ற ஊசி துருவேறிக் கறுத்திருக்கிறது. போன டிசம்பரில் அவளே குத்திவிட்ட கொடி. காலையிலிருந்து பார்த்த சட்டைகளிலெல்லாம் இப்படி டிராயரிலிருந்து எழுந்துவந்த பழைய கொடிகள்தாம்.

"சரி சார்" என்கிறாள். கேட்கத் தெம்பில்லை. அவர் பார்வை தன் தோளுக்கு வருமுன், முந்தானையை முதுகுப்பக்கமிருந்து இழுத்துப் போர்த்தி, அங்கே குத்தியிருக்கும் கொடியை மூடிக்கொள்கிறாள். அதன் ஊசியிலும் துரு.