தோளைத் தொட்டவள்

"கையில பந்து இருக்கு. பக்கத்துல ஸ்டம்ப் இருக்கு. அதைத் தட்டாம ஆளைப் போய்த் தொட்டிருக்கே. உனக்கெல்லாம் எதுக்குடி கிளவுஸ்?"

கேப்டன் கிரிசெல்டா மைதானத்தின் நடுவிலேயே நின்று கத்தினாள். விக்கெட் கீப்பர் ஒப்தூலியாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றதே கிரிசெல்டாதான். அந்த உறவையெல்லாம் அவள் அன்று பார்க்கவில்லை.

"பழக்க தோஷம்" என்றாள் ஒப்தூலியா, தலையைக் குனிந்துகொண்டு.

"புதுசா வர்றவங்களுக்கு இந்த விதியைச் சொல்லிக் கொடுக்கறதே நீதானே? உனக்கே மறந்துபோச்சா?"



பேஸ்பாலில் ஊறின ஊர் எங்கள் சாந்தா ரீத்தா. அந்த ஆட்டத்தில் 'பேஸ்' என்கிற திண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஓட வேண்டும்; ஓடுகிறவர் மேல் பந்தை வைத்து ஒத்தினால் அவுட். அடித்தவர் மட்டையை அங்கேயே வீசிவிட்டு ஓடலாம். மெக்சிகோவில் பாதிப் பேருக்குக் கிரிக்கெட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நாங்கள் கொஞ்சம் பெண்கள் சேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டபோது, "மூணாவது பேஸை எங்கம்மா தொலைச்சீங்க?" என்று ஊரே கேலி செய்தது.

அந்தக் கேலியை எங்கள் ஆட்டம்தான் நிறுத்தியது. ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. கடைசியில் அதுவே வினையாகிவிட்டது. பக்கத்து ஊர்ப் பெண்கள் ஆசையாக ஒரு டீம் சேர்த்துக்கொண்டு வருவார்கள். எங்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். மறுவாரமே பேஸ்பாலுக்குத் திரும்பிவிடுவார்கள். ஜெயித்து ஜெயித்து, எதிரே நின்று விளையாட ஆளில்லாமல் போனோம்.

மிச்சம் இருந்தது சான் காஸ்பர் ஒன்றுதான். அவர்களும் போய்விட்டால் நாங்கள் மட்டையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"போனாப் போகட்டுமே. தோக்காத டீம்னு பேராவது நிக்கும்" என்பாள் கிரிசெல்டா.

அந்த சான் காஸ்பரோடுதான் அன்றைய ஆட்டம். அவர்களுக்குக் கடைசி விக்கெட். இன்னும் ஆறு ரன் வேண்டும். நோயெமி என்கிற சின்னப் பெண் ஓங்கி அடித்தாள். பழக்கம் விடுமா? மட்டையை வீசிவிட்டு ஓட்டம் பிடித்தாள்.

ஒரு ரன் ஆயிற்று. இரண்டாவதுக்குத் திரும்பி வெறுங்கையோடு ஓடி வருகிறாள். அவள் கோட்டைத் தொடுவதற்கு முன்பே பந்து ஒப்தூலியாவின் கைக்கு வந்துவிட்டது. ஸ்டம்பைத் தட்டினால் ஆட்டம் முடிந்தது. நாங்கள் கையைத் தூக்கிக் கத்தவே ஆரம்பித்துவிட்டோம்.

ஒப்தூலியாவோ இரண்டடி முன்னால் வந்து, ஓடி வந்தவளின் தோளில் பந்தை வைத்து ஒத்தினாள். ஒத்தின வேகத்தில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்தபடி தடுமாறினார்கள். அப்புறம் நோயெமி விலகிப் போய்க் கோட்டுக்குள் கால் வைத்தாள்.

"அவுட் இல்லை" என்றார் அம்பயராக நின்ற எவரார்டோ வாத்தியார். "இது பேஸ்பால் இல்லம்மா."

அடுத்த பந்தை நோயெமி வேலிக்கு விரட்டினாள். நாலு ரன் என்று தெரிந்த பிறகும், மட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தாள். சான் காஸ்பர்க்காரிகள் அழுதுகொண்டே அவளைத் தூக்கிச் சுற்றினார்கள்.

கிரிசெல்டா கிளவுஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இனிமே கீப்பிங் நான் பார்த்துக்கறேன். நீ தர்பூசணி நறுக்கி மிளகாய்த்தூள் தூவு, போதும்."

அந்த வாரம் முழுக்க ஒப்தூலியாவின் டோர்ட்டியா ரொட்டிக் கடையில் இதே பேச்சுதான். வந்தவர்கள் ஆளாளுக்கு அவள் தோளைத் தொட்டு "அவுட்" என்றார்கள். அவளும் சேர்ந்து சிரித்துக்கொண்டே டோர்ட்டியாவை நிறுத்துக் கொடுத்தாள். எனக்குத்தான் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே சான் காஸ்பர் லாரி வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொரு லாரி. அதற்கும் பின்னால் ஒரு பழைய பள்ளிக்கூட பஸ். எங்களிடம் தோற்று ஓடிப்போன ஊர்க்காரிகள் எல்லாம் அதிலிருந்து இறங்கினார்கள்.

"சாந்தா ரீத்தாவையே அடிச்சுட்டாங்களாமே. எங்களால முடியாதா என்ன?" என்றாள் ஒருத்தி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

யாரோ டிரம்பெட் ஊதினார்கள். மைதானத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. எங்கள் ஊரில் கிரிக்கெட்டுக்கு இப்படி ஒரு கூட்டம் வரும் என்று சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

நோயெமி இறங்கினதிலிருந்து யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். கையில் கிளவுஸோடு நின்ற கிரிசெல்டாவிடம் வந்தாள்.

"கீப்பர் அக்கா எங்கே?"

"நான்தான் கீப்பர்."

"நீங்க இல்ல. என்னைத் தொட்டாங்களே, அவங்க."

"அவளைத் தூக்கியாச்சு. ஸ்டம்பைத் தட்டத் தெரியாதவளுக்கு இங்கே இடமில்லை."

நோயெமி முழித்தாள்.

"தெரியாமயா? தோளைத் தொட்டப்ப என் காதுல சொன்னாங்களே."

"என்ன சொன்னா?"

"'மட்டையை விடாம ஓடணும்டி. அடுத்த ஞாயிறும் கட்டாயம் வா. அன்னிக்கு ஸ்டம்பைத் தட்டறேன்'னு."

கிரிசெல்டா திரும்பிப் பார்த்தாள். வேலியோரம் ஒப்தூலியா யாரையும் நிமிர்ந்து பாராமல் தர்பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கிரிசெல்டா அவளிடம் நடந்து போனாள். கிளவுஸை நீட்டினாள்.

"இந்தா, போட்டுக்கோ. அந்தப் பொண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கியாமே."